அறிக்கையில் யார் கையெழுத்து? தடயவியல் உளவியல் மேற்படிப்பை எடைபோட்ட கதை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்கும் கரண்டு பில்லுக்கும் நடுவே, மூன்று வாரமாக ஒரு நீலக் கோப்பு கிடக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அண்ணன் மகளுக்கு அனுப்பிய கடிதம் அதற்குள் இருக்கிறது. தடயவியல் உளவியலில் எம்.எஸ்சி., ஓராண்டுப் படிப்பு, செப்டம்பரில் தொடக்கம். கடிதம் வந்த அன்றே அண்ணி இன்னொரு பிரதி அச்செடுத்துச் சாமி மேடையில் வைத்து விளக்கேற்றிவிட்டார். அண்ணன் செம்பனை லாரி ஓட்டுகிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டணம் எழுதிய வரியை மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். "நீதான கோர்ட்டுக்குப் போயி வர்ற ஆளு. இத படிச்சிட்டு வந்தா இங்க என்னா வேல கெடைக்கும், பாத்துச் சொல்லு."

நான் கோலகங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. குற்றவியல் கோப்புகள்தான் என் கையில் அதிகம் புழங்கும். உளவியலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அதைப் படித்தவர்கள் எழுதும் தாள் நீதிமன்றத்துக்குள் வந்த பிறகு என்ன ஆகிறது என்று பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டைப் பல்கலைக்கழகத் தரவரிசையிலிருந்து தொடங்காமல் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. அண்ணி நினைப்பதுபோல இது பிணத்தைச் சோதிக்கும் படிப்பு இல்லை. அண்ணன் மகன் நினைப்பதுபோல, ஆளைப் பார்த்ததுமே "இவன்தான் கொலைகாரன்" என்று சொல்லும் வித்தையும் இல்லை. தடயவியல் உளவியலாளரின் அன்றாட வேலை சலிப்பூட்டும் அளவுக்குப் பொறுமையானது. சிறையில் இருப்பவர் வெளியே போனால் மறுபடி வன்முறையில் இறங்கும் வாய்ப்பு எவ்வளவு, எந்தச் சூழலில் இறங்குவார் என்று மதிப்பிடுவது. பாலியல் குற்றவாளிகளுக்கும் கோபத்தை அடக்கத் தெரியாதவர்களுக்கும் குழுச் சிகிச்சை நடத்துவது. சாட்சி சொல்லும் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்று போலீசுக்குச் சொல்லித் தருவது. குற்றம் சாட்டப்பட்டவரின் அறிவுத்திறனை, நினைவை, நடிக்கிறாரா என்பதைச் சோதிப்பது. முக்கால்வாசி நேரம் அறிக்கை எழுத்தில் போய்விடும்.

எங்கள் ஊருக்கு இந்தப் படிப்பு அப்படியொன்றும் அந்நியமில்லை. சுங்கை சிப்புட் உலக வரலாற்றில் இடம்பிடித்ததே ஒரு குற்றத்தால்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னால் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. இன்னொரு பக்கம், ஈப்போவுக்குப் போகும் வழியில் தஞ்சோங் ரம்புத்தான். 1911ல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது, இன்றைய பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுக்கணுமா?" என்பார்கள். அந்த மருத்துவமனையிலிருந்து வரும் பழுப்பு உறையைத்தான் நான் இன்று அலுவலகத்தில் பிரிக்கிறேன்.

அந்த உறை எப்படி வருகிறது என்பதில்தான் அண்ணன் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைத் தற்காத்துப் பேசும் மனநிலையில் இல்லை என்று நீதிபதிக்குச் சந்தேகம் வந்தால், அவரை ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். செய்தபோது புத்தி பேதலித்திருந்தது என்ற வாதம் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் வரும். அது 1843ல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் என்பவர் பிரதமரின் செயலாளரைச் சுட்ட வழக்கின் வழியே பிறந்த விதியிலிருந்து வந்தது. அந்த வாதம் ஏற்கப்பட்டு விடுதலை கிடைத்தாலும் ஆள் வீட்டுக்குப் போவதில்லை. 348ஆம் பிரிவுப்படி பாதுகாப்பான இடத்தில் வைக்கப்படுவார், மாநில ஆட்சியாளரின் உத்தரவு வரும்வரை.

சில வருஷத்துக்கு முன் ஒரு தோட்டத்து ஆள் வழக்கு. சொந்தத் தம்பியைப் பாராங்கத்தியால் வெட்டியவர். மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது, இரண்டரைப் பக்கம். அக்காக்காரி நீதிமன்ற வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கையின் நடுவில் "உளவியல் சோதனையில் அறிவுத்திறன் சராசரிக்குக் கீழ்" என்று ஒரே ஒரு வரி. சோதனை நடத்தியவர் மணிக்கணக்கில் அவரோடு உட்கார்ந்திருப்பார். அந்த உழைப்புக்கு அறிக்கையில் கிடைத்தது அந்த ஒரு வரி. கடைசிப் பக்கத்துக் கையெழுத்து மனநல மருத்துவருடையது. நீதிபதி கடைசிப் பத்தியைத்தான் வாய்விட்டு வாசித்தார்.

இந்த ஊர் சட்ட அமைப்பில் கையெழுத்து மருத்துவரிடம் இருக்கிறது. சோதனை செய்து அந்த ஒரு வரியைத் தருபவர் மருத்துவமனையின் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர். "தடயவியல் உளவியலாளர்" என்று தனியாக ஒரு நாற்காலி அந்த அறையில் போடப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் 23 தொழில்கள் இருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அதில் உண்டு. பொருள்களைச் சோதிக்கும் தடய அறிவியல் அதிகாரியும் உண்டு. தடயவியல் உளவியலாளர் என்று ஒரு வரி கிடையாது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தினார். "அப்ப இவ படிக்கப் போறது லைசென்ஸே இல்லாத லாரியா?" என்றார். அவ்வளவு மோசமில்லை. அண்ணன் கேட்டதில் ஞாயம் இல்லாமலும் இல்லை.

இங்கிலாந்துக் கணக்கைப் பார்ப்போம். அங்கே "ஃபோரன்சிக் சைக்காலஜிஸ்ட்" என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம், எச்.சி.பி.சி. என்ற பதிவு வாரியத்தில் பெயர் இல்லாதவர் அப்படி அழைத்துக்கொண்டால் குற்றம். அந்தப் பதிவை எம்.எஸ்சி. மட்டும் தந்துவிடாது. எம்.எஸ்சி. முதல் கட்டம். அதற்குமேல் குறைந்தது இரண்டு ஆண்டு, சிறையிலோ பாதுகாப்பு மனநல மருத்துவமனையிலோ மேற்பார்வையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் கட்டத்தை முடிக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்து முனைவர் பட்டமாகத் தருகின்றன. அந்த இரண்டாம் கட்டத்துக்கு ஒரு வேலை வேண்டும், வேலைக்கு விசா வேண்டும், சிறை வேலை என்றால் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. உள்ளூர்ப் பட்டதாரிகளே அந்தப் பயிற்சி இடங்களுக்கு அடித்துக்கொள்கிறார்கள். படித்து முடித்தவர்களுக்கு இப்போது தரப்படும் இரண்டு ஆண்டுப் பட்டதாரி விசா, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. இவள் இந்தச் செப்டம்பரில் போனாலும் முடித்து விண்ணப்பிக்கும்போது பதினெட்டு மாதக் கணக்கில்தான் வருவாள். இரண்டாம் கட்டத்துக்கு அது போதாது. முதல் கட்டத்தோடு ஊர் திரும்பினால் கையில் இருப்பது நல்ல எம்.எஸ்சி. பட்டம். அங்கேயும் பதிவு இல்லை, இங்கேயும் பதிவு இல்லை. அரைக் கிணறு தாண்டிய கதை.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் கட்டம் என்ற பெயருக்குத் தகுதி பெற, எம்.எஸ்சி. படிப்பை பி.பி.எஸ். என்ற பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்திருக்க வேண்டும். மாணவியின் இளங்கலைப் பட்டமும் அந்தச் சங்கத்தின் அடிப்படைத் தகுதியை எட்ட வேண்டும். இங்கே மலேசியாவில் செமின்யேயில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கிளையில் படித்தவர்களுக்கு அது கூடவே வந்துவிடும், அவர்களின் பட்டம் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றது. எங்கள் வீட்டுப் பெண் படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். அவள் தன் மதிப்பெண் பட்டியலோடு சங்கத்துக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அதைப் பற்றி அந்த நீலக் கோப்பில் ஒரு வரி இல்லை. பல்கலைக்கழகம் ஏமாற்றுகிறது என்று சொல்ல மாட்டேன். கேட்காதவருக்கு அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயர் தாங்கிய படிப்புகளும் நிறைய. குற்ற உளவியல், புலனாய்வு உளவியல், தடயவியல் மனநலம். சுவையான பாடங்கள்தான். பதிவுக்கு வழிவிடுவது எது என்பதைப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சங்கத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

செலவு. அவளுக்கு வந்த கடிதத்தில் கல்விக் கட்டணம் 22,000 பவுன். பவுனுக்கு ஐந்தரை வெள்ளி (ரிங்கிட்) என்று மலிவாகப் போட்டாலே 1,21,000 வெள்ளி. தங்க, சாப்பிட, விசா, ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கூடுதல் கட்டணம், விமானம் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தொட்டுவிடும். அண்ணன் தன் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் எடுப்பது சேஜாத்ரா கணக்கிலிருந்து மட்டும்தான், மாதா மாதம் போடுவதில் நூற்றுக்குப் பதினைந்து போகும் கணக்கு அது. லாரி ஓட்டுநரின் சேஜாத்ரா கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அண்ணன் போனைத் திறந்து அந்த எண்ணை என்னிடம் காட்டினார், பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு சொல்லியும் இங்கிலாந்தை நான் தள்ளவில்லை. அந்தத் துறை வளர்ந்து நிற்கும் இடம் அதுதான். அங்கே சிறைத்துறைதான் இவர்களை அதிகம் வேலைக்கு வைக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்களால், குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கிய கில்ட்ஃபோர்ட் நால்வர் பதினான்கு ஆண்டு சிறையில் கிடந்து 1989ல் வெளியே வந்தார்கள். அப்படிப்பட்ட வாக்குமூலங்களை எடைபோட, கேட்பவரின் பேச்சுக்கு ஆடிப்போகும் மனங்களை அளக்கும் முறையை கிஸ்லி குட்ஜான்சன் என்ற உளவியலாளர் வளர்த்தார். நீதிமன்றங்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டன. மூன்று நான்கு ஆண்டு அங்கேயே இருந்து முடிக்கும் பணமும் மனமும் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த இடத்தில் அண்ணன் மகள் குறுக்கிட்டாள். "அத்தே, நீங்க லைசென்சையே புடிச்சுத் தொங்குறீங்க. எனக்கு அந்த சப்ஜெக்ட்தான் வேணும்." அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். கடைசி ஆண்டு ஆய்வுக்கு அவள் எடுத்தது சாட்சிகளின் நினைவு. 1974ல் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் செய்த சோதனையை எனக்கு விளக்கியவளே அவள்தான். கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு வேகம் என்ன என்று கேட்டார்கள். "நொறுக்கியபோது" என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்கு மேல், "தொட்டபோது" என்று கேட்டால் 32 மைலுக்குச் சற்றுக் குறைவு. படம் ஒன்றுதான், கேட்ட சொல்தான் வேறு. ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுக்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

அதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நான் அதை வாரா வாரம் பார்க்கிறேன். எங்கள் நீதிமன்றத்தில் மொழி மலாய். சாட்சி தோட்டத்துத் தமிழில் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிற்பார். "லாரி வந்து ஒரசுச்சு" என்பது மலாயில் "மோதியது" ஆகிப் பதிவில் ஏறும். அடுத்த கேள்வி "மோதியபோது" என்று தொடங்கும். சாட்சியும் அதற்குத் தகுந்தாற்போல் பேச ஆரம்பித்துவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை.

மனநிலை அறிக்கையில் இது இன்னும் நுட்பம். அந்தப் பாராங்கத்தி வழக்கில் ஆள் சொன்னது: "முனியாண்டி வந்து சொன்னாரு. தம்பி பொஞ்சாதி மருந்து வச்சிருச்சு." தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர் காதில் முதல் வாக்கியம் பிரமையாகவும் இரண்டாவது விஷ வழக்காகவும் விழும். நம்மவருக்குத் தெரியும், லயத்துக் கோடியில் முனியாண்டி கோயில் இருக்கிறது, சாமியாடும்போது முனி பேசுவது அங்கே எல்லாருக்கும் வழக்கம். "மருந்து வைப்பது" வசிய மருந்து, அதை நம்பும் நூறு பேர் புத்தி தெளிந்தவர்களே. ஆனால் திருவிழாவில் மட்டும் பேசிய முனி, ஆறு மாதமாகத் தினமும் இராத்திரி இவர் ஒருவர் காதில் மட்டும் பேசினால்? சாமியாடி பூசாரியே "அது முனி இல்லப்பா" என்று சொன்ன பிறகும் பேசினால்? அங்கேதான் நோய் தொடங்குகிறது. மனநல நோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் பண்பாட்டைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலே இருக்கிறது. அந்தக் கேள்விகளைத் தோட்டத்துத் தமிழில் கேட்டு, விடையைத் தோட்டத்துக் காதால் கேட்க ஆள் வேண்டும். இவளால் அது முடியும். தாத்தா பாட்டியோடு லயத்தில் வளர்ந்தவள்.

அவள் ஆசைப்படும் பாடமும் ஊருக்கு அவள் பயன்படும் இடமும் உண்மையில் ஒன்றுதான். அந்த இடத்தில் போய் உட்கார எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

மற்ற வெளிநாடுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் தடயவியல் உளவியல் தனிச் சிறப்புத் துறை, பதிவு முறை கறாரானது. நான்கு ஆண்டு அங்கீகார அடித்தளம், அதன்மேல் இரண்டு ஆண்டு முதுகலை, அதற்கும் மேல் மேற்பார்வைக் காலம். நம்முடைய மூன்று ஆண்டுப் பட்டத்தோடு போனால் நான்காம் ஆண்டுக்கு ஈடான ஒன்றை முதலில் படிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் முதுகலையோடு யாரும் தனித் தொழில் உரிமம் எதிர்பார்ப்பதில்லை, முனைவர் பட்டம்தான் வழக்கம். இரண்டும் எங்கள் மேசைக்கு வெளியே.

இந்தியாவை அண்ணிதான் கிளப்பினார். குஜராத்தின் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது; மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்து 2020ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியப் பல்கலைக்கழகமானது. தடயவியல் உளவியலில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. அங்கே உண்டு, செலவு இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் சில்லறை. இந்திய மரபில் இந்தத் துறை தடய ஆய்வகங்களோடு சேர்ந்து வளர்ந்தது. பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு, மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பது. இவற்றை ஆளின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. நம் மருத்துவமனை வேலைக்கும் சிறைச் சிகிச்சைக்கும் அந்தக் கருவிப் பயிற்சி அவ்வளவாக ஒட்டாது. அதோடு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று போவதற்கு முன்பே மலேசியத் தகுதி அங்கீகார அமைப்பான எம்.கியூ.ஏ.விடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்த பிறகு கேட்டு அழுதவர்கள் எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறார்கள். அது வேறு படிப்பு, வேறு நாடு, அழுகை ஒன்றுதான்.

இனி உள்ளூர். கிளினிக்கல் சைக்காலஜி முதுகலை, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.மில் உண்டு, ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற தனியாரிலும் உண்டு. முழுநேரம் படித்தாலும் இரண்டு ஆண்டுக்குக் குறையாது, அதில் பெரும்பகுதி மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது. வகுப்பில் "ஃபோரன்சிக்" என்ற சொல் எப்போதாவது வரும். மனச்சோர்வு, பதற்றம், ஆட்டிசம், முதுமை மறதி என்று எல்லாவற்றையும் படிக்க வேண்டும். அவளுக்கு அதுதான் கசக்கிறது. எனக்கு அதுதான் பலமாகப் படுகிறது. கொலை வழக்கில் வருகிறவரும் முதலில் ஒரு நோயாளி. மனச்சிதைவை நூறு பேரிடம் பார்த்தவர்தான் நூற்றியோராவது ஆள் நடிக்கிறார் என்று சொல்ல முடியும்.

சிக்கல் இடத்தில்தான். ஒரு வகுப்புக்கு எடுப்பது கொஞ்சம் பேர். நேர்முகத்தில் வடிகட்டுவார்கள். பட்டம் வாங்கிய கையோடு வந்த பிள்ளைகளை "கொஞ்சம் வேலை பார்த்துட்டு வா" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. கட்டணம் அரசுப் பல்கலைக்கழகத்தில் தாங்கும். தனியாரில் அண்ணன் மூச்சை இழுத்துவிடுவார், ஆனாலும் இங்கிலாந்துத் தொகை ஆகாது. ஆய்வேட்டுத் தலைப்பை அவளே தேர்ந்துகொள்ளலாம். தோட்டத்துத் தமிழ் பேசும் தடயவியல் நோயாளிகளைப் பற்றி எழுதினால் யார் தடுக்கப் போகிறார்கள்? பயிற்சிக்கு உலு கிந்தா கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அண்ணி இப்போதே கணக்குப் போடுகிறார்.

படிப்பைத் தள்ளிவைத்து வேலைக்குப் போகும் வழியும் இருக்கிறது, நான் அதைச் சாதாரணமாக நினைக்கவில்லை. அரசுப் பணியில் உளவியல் அதிகாரி என்ற பதவி உண்டு, முன்பு எஸ் 41 என்றார்கள், புதிய சம்பள முறையில் எஸ் 9. அரசுப் பணி ஆணையமான எஸ்.பி.ஏ. மூலம் விண்ணப்பம். எந்தத் துறைக்கு அனுப்புவார்கள் என்பது அதிர்ஷ்டம். சிறைத்துறையில் விழுந்தால் தைப்பிங் சிறையோ பத்து காஜாவோ நமக்குப் பக்கம்தான். தைப்பிங் 1879லிருந்து இயங்கும் சிறை. இரண்டு வருஷம் அந்தச் சுவருக்குள் கைதிகளோடு பேசிப் பழகியவள் பிறகு எந்தப் பல்கலைக்கழக நேர்முகத்திலும் திணற மாட்டாள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவிநிதிக்கும் அது வழி. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஏறக்குறைய இரண்டு வருஷம். கிடைத்தால் கட்டணம், சாப்பாடு, விமானம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷத்துக்குச் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாம் கட்டக் கனவுக்கு அந்த நிபந்தனை முட்டுக்கட்டை. அண்ணனின் சேமநிதிக்கு அது பாதுகாப்பு.

ஆலோசகர் வழியும் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்து சிறையிலோ சமூக நலத்துறையிலோ வேலை பார்க்கலாம். நல்ல வழி, இவளுக்கு அதில் ஈடுபாடில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் நீதி முதுகலை, போலீஸ்காரர்களுக்கும் என்னைப் போன்ற சட்ட அலுவலக ஆட்களுக்கும் ஏற்றது. உண்மையைச் சொன்னால் அந்தக் கையேட்டை இவளுக்கென்று இறக்கிவிட்டு நானே இரண்டு இரவு படித்தேன்.

ஒன்றை மட்டும் உள்ளூரின் பக்கம் கூடுதலாக வைக்கிறேன். 2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாயத் தூக்குத் தண்டனை கிடையாது. முன்பு போதைப்பொருள் கடத்தலிலோ கொலையிலோ குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்கு அநேகமாக வேறு வழி இருக்கவில்லை. ஆளின் குழந்தைப் பருவம், அறிவுத்திறன், மனக்காயம் எதுவும் கணக்கில் வராது. இப்போது தூக்கா, நீண்ட சிறையா என்று நீதிபதி தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கறிஞர் இப்போதெல்லாம், தண்டனையைக் குறைக்கக் கேட்கும் தணிப்பு வாதத்துக்கு "ஒரு சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட் கெடைக்குமா பாரும்மா" என்று என்னைத்தான் விரட்டுகிறார். நான் அழைத்துப் பார்க்கும் பட்டியலில் தமிழில் நேர்காணல் செய்யக்கூடியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். அந்த அறிக்கையில் கையெழுத்து உளவியலாளருடையதே. ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் பதிவு பெற்றவரா?"

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. இங்கிலாந்திலேயே தங்கிப் பதிவு வாங்கும் உறுதி இருந்தால் அங்கே போகட்டும், இரண்டாம் கட்டத்துக்கும் சேர்த்துப் பணம் புரட்டிவிட்டு. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் முதலில் உள்ளூர் கிளினிக்கல், தடயவியலை அதன்மேல் கட்டிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் ஊருக்கு வந்து இரண்டு வருஷ கிளினிக்கல் படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும், அதுவும் இரண்டு லட்சம் கடனோடு. மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் சிறைத்துறை வேலை. அது சம்பளம் கொடுத்துச் சொல்லித் தரும் பள்ளிக்கூடம்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் வைத்துச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கேள்வி எழுதினாள். என் பட்டத்துக்கு உங்கள் சங்கத்தின் அடிப்படைத் தகுதி கிடைக்குமா? இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா? இரண்டாவதுக்கு முடியும் என்று மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. முதல் கேள்விக்கு, சங்கத்தையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள்.

உள்ளூர் கிளினிக்கல் நேர்முகம் வருகிற செவ்வாய்க்கிழமை. ஈப்போவிலிருந்து காலை ரயிலில் போகிறாள், துணைக்கு அண்ணன். "ஏம்பா முனியாண்டிய நம்புற ஆளா நீ?ன்னு அவங்க கேட்டா என்னா சொல்லுவ?" என்று நேற்று ராத்திரி நான் ஒத்திகை பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு, "எந்த முனியாண்டின்னு திருப்பிக் கேப்பேன் அத்தே" என்றாள். நீலக் கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது. சாமி மேடையில் இருக்கும் பிரதியை எடுக்க அண்ணி இன்னும் சம்மதிக்கவில்லை.